பதினேழு டிகிரியில் ஒரு திமில்

அக்காவின் மெஷினைப் பிரித்த அன்று நட்டுகளைப் போட்டுவைக்கும் தட்டை நான்தான் பிடித்துக்கொண்டிருந்தேன். அதைப் பிரிக்கக் கூடாது என்பது ஐந்து நாள் முன்பிருந்தே எனக்குத் தெரியும். முழுவதும் தெரியும் என்று சொல்ல முடியாது. நூற்றுக்கு எண்பது தெரியும். மீதி இருபதுக்காக வாயை மூடிக்கொண்டு நின்றேன்.

எதையும் வரிசையாகச் சொன்னால்தான் எனக்குச் சொல்ல வரும். ஆகவே வரிசையாகவே சொல்கிறேன்.

நாங்கள் இருவரும் ஒரே ஆய்வுக்கூடத்தில் இருந்தோம். அக்கா முனைவர் பட்டத்துக்காகப் பரிசோதனை செய்பவள்; அவள் இடம் நிலவறை. நான் கணக்கு உதவியாளர். என் இடம் இரண்டாம் மாடி. பகலெல்லாம் அங்கே வேலை, மாலை ஆறரைக்குப் பட்டப்படிப்பு வகுப்பு. பேராசிரியரிடம் சொல்லி அந்த வேலையை எனக்கு வாங்கித் தந்ததே அக்காதான். "கணக்குல புலி, பேச்சுல எலி" என்று என்னை அறிமுகப்படுத்தினாளாம். வீட்டில் எனக்கு அவள் வைத்த பெயர் வேறு. வாசல் கதவைப் பூட்டிவிட்டு மூன்று முறை இழுத்துப் பார்ப்பவள் நான். அதனால் "சந்தேகம்."

அக்காவின் வேலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். இரண்டு அணுக்கள் ஒட்டிக்கொண்டிருக்கும் ஒரு மூலக்கூறு, ஒரு எலக்ட்ரானை இழந்தால் அது மூலக்கூறு அயனி. அப்படிப்பட்ட நைட்ரஜன் அயனிகளை நூல் போன்ற ஒரு கற்றையாக்கி, ஆர்கான் அணுக்களின் மேல் மோதவிடுவாள். மோதியவை திசை மாறிச் சிதறும். எந்தக் கோணத்தில் எத்தனை சிதறுகின்றன என்று எண்ணுவாள். இதற்காக அவள் கையாலேயே பூட்டிக் கட்டிய மெஷின் ஓர் ஆள் உயரம், இரண்டு ஆள் அகலம். அதற்குக் "குண்டன்" என்று பெயர். உள்ளே காற்று இருக்கக் கூடாது, அயனி போகிற வழி மயிரிழை கூட விலகக் கூடாது. அந்த வழியை நேராக்க மட்டும் அவளுக்குப் பதினான்கு மாதம் பிடித்தது.

என் வேலை அதே மோதலைக் கம்ப்யூட்டருக்குள் நடத்துவது. ஓர் அயனி, ஓர் அணு, அவற்றுக்கிடையே இருக்கும் விசை. எறிந்துவிட்டு, எங்கே போய்ச் சேருகிறது என்று பார்ப்பது. இப்படி லட்சக்கணக்கில். இரண்டு பேரின் வரைபடமும் ஒன்றன்மேல் ஒன்று படிந்தால் இயற்கையை நாங்கள் புரிந்துகொண்டோம் என்று அர்த்தம்.

படியவில்லை. அக்காவின் கோடு மேலிருந்து சறுக்குமரம் போல இறங்கி வந்து, பதினேழு டிகிரிக்குப் பக்கத்தில் லேசாகப் புடைத்துவிட்டு மறுபடி இறங்கியது. மாட்டின் முதுகைப் பக்கவாட்டில் பார்ப்பது போல. "என் திமில்" என்பாள். என் கோட்டில் திமில் இல்லை. இஸ்திரி போட்ட துணி மாதிரி வழவழவென்று இருந்தது.

வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம் ஒருநாள் என் கணக்கிலும் திமில் வந்தது. படிக்கட்டில் தடதடவென்று ஓடி நிலவறைக்குப் போய், "அக்கா, வந்துடுச்சு!" என்று கத்தினேன். அவள் கையுறையைக் கூடக் கழற்றாமல் பேராசிரியர் அறைக்கு என்னை இழுத்துக்கொண்டு போனாள். மறுநாள் காலை பார்த்தால், ஒரு வரியில் நான் செய்த பிழையால் அந்தக் கோணத்தில் மட்டும் அயனிகள் இரண்டு முறை எண்ணப்பட்டிருந்தன. வாராந்திரக் கூட்டத்தில் எல்லார் முன்னாலும் பேராசிரியர் சிரித்துக்கொண்டே சொன்னார்: "தங்கச்சி அக்காவுக்கு ஒத்தாசை பண்றது நல்ல விஷயம்தாம்மா. ஆனா இயற்கை உறவு பாக்காது."

அக்கா என்னைத் திட்டவில்லை. வீட்டுக்கு வரும் வழியில், "அடுத்த தடவை ஒரு நாள் பொறுத்துட்டு சொல்லுடி" என்றாள். அவ்வளவுதான். ஆனால் அந்தச் சிரிப்பு என் காதிலேயே தங்கிவிட்டது. அதன்பிறகு என் கணக்கு எவ்வளவு சுத்தமாக இருந்ததோ அவ்வளவுக்கு அவளுடைய திமில் அழுக்காகத் தெரிந்தது. மெஷினுக்குள் எங்கோ அயனிகள் சுவரில் பட்டுத் தெறித்து வருகின்றன, அதுதான் புடைப்பு என்று பேராசிரியர் முடிவுகட்டினார். தெறிக்கிற இடத்தைக் கண்டுபிடிக்கச் சொன்னார். எட்டு மாதம் தேடினாள். எந்தச் சுவரை மறைத்தாலும் திமில் போகவில்லை.

கடைசியில் தேர்வுக் குழு கூடியது. அந்தப் புடைப்பு மெஷினின் குறை என்று எழுதிக்கொடு, பட்டம் தருகிறோம் என்றார்கள். "குறைன்னு தெரியாம எப்படி எழுதறது?" என்று கேட்டுவிட்டு வந்தாள். உதவித்தொகை இன்னும் மூன்று மாதம் பாக்கி. அந்த மாதமே விலகல் கடிதம் கொடுத்தாள். வேறு ஊரில், உணவுப் பொட்டலம் கட்டும் தொழிற்சாலையில் ஒரு வேலைக்குக் கையெழுத்தும் போட்டாள்.

அம்மா மருத்துவமனைச் சலவைப் பிரிவில் வேலை பார்ப்பவள். இந்த மூன்று வருடமும் எங்கள் சண்டையைச் சாப்பாட்டு மேசையில் கேட்டுக் கேட்டு அலுத்தவள். "கண்ணுக்குத் தெரியாததுக்கு ரெண்டு பேரும் மல்லுக்கட்டுங்க. கண்ணுக்குத் தெரியற பாத்திரத்தை மட்டும் யாரும் கழுவாதீங்க" என்பாள். அக்கா விலகியதைச் சொன்ன அன்று அம்மா எழுந்து போய்ப் பாத்திரங்களை அவளே கழுவினாள்.

மாலை வகுப்பில் அப்போது புள்ளியியல் நடந்துகொண்டிருந்தது. பகலில் சின்னப் பிள்ளைகள் படிக்கும் பள்ளிக்கூடம் அது. முழங்காலை மடக்கி உட்கார வேண்டிய பெஞ்சுகள். வாத்தியார் பலகையில் ஐந்து எண்களை எழுதினார். அவற்றின் சராசரியை எடுத்து வர்க்கப்படுத்தச் சொன்னார். பிறகு ஒவ்வொன்றையும் வர்க்கப்படுத்திவிட்டுச் சராசரி எடுக்கச் சொன்னார். இரண்டும் வேறு வேறு விடை.

"வரிசையை மாத்தினா விடை மாறும். முதல்ல கலந்துட்டு அப்புறம் சமைக்கறதும், சமைச்சுட்டு அப்புறம் கலக்கறதும் ஒண்ணா?" என்றார்.

பின் பெஞ்சில் இருந்த பஸ் கண்டக்டர், "என் வீட்டுல ரெண்டும் ஒரே ருசிதான் சார்" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு என் நிரலின் முதல் பக்கம் நினைவுக்கு வந்தது.

நைட்ரஜன் அயனி உருண்டை இல்லை. இரண்டு பந்துகளை ஒட்டவைத்தது போல நீளமானது. ஆர்கான் அணு அதன் நடுவில் இடித்தால் ஒரு மாதிரி போகும், நுனியில் இடித்தால் அயனி பம்பரமாகச் சுழன்றுகொண்டு வேறு மாதிரி போகும். ஆனால் கற்றையில் வரும் அயனிகள் எல்லாத் திசையிலும் திரும்பித்தான் வருகின்றன. எனவே வேலைக்குச் சேர்ந்த மூன்றாவது வாரத்திலேயே நான் ஒரு குறுக்குவழி எடுத்திருந்தேன். எல்லாத் திசைகளையும் முதலிலேயே சராசரி எடுத்து, அயனியை ஒரு பந்தாக்கிவிட்டு, பிறகு மோதவிட்டேன். பதினொரு நாள் ஓட வேண்டிய கணக்கு அரை நாளில் முடிந்தது. மொத்தமாக எத்தனை சிதறுகின்றன என்ற எண் சரியாகவே வந்தது. அதனால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. எதற்கெடுத்தாலும் சந்தேகப்படும் எனக்கே வரவில்லை.

முதலில் கலந்துவிட்டுச் சமைத்திருந்தேன். நுனியில் இடிபட்ட அயனிகள் என் கணக்கில் ஒருபோதும் பிறக்கவே இல்லை.

மறுநாள் காலை எட்டு மணிக்கே போய், ஒவ்வோர் அயனியையும் ஒவ்வொரு திசையில் திருப்பிவைத்துத் தனித்தனியாக மோதவிட்டு, சராசரியைக் கடைசியில் எடுக்கும்படி நிரலை மாற்றினேன். கொஞ்சம் அயனிகளை மட்டும் வைத்து ஓட்டினேன். சாயங்காலம் ஐந்தே காலுக்குக் கோடு வந்தது. நடுங்குகிற கையால் போட்டது போல ஒரே கரடுமுரடு. ஆனாலும் பதினேழு டிகிரியில் மேடு இருந்தது.

அது முதல் நாள்.

நிலவறைக்கு ஓடவேண்டும் என்று காலுக்குத் தோன்றியது. நாற்காலியை விட்டு எழுந்தும்விட்டேன். அப்போது பேராசிரியரின் சிரிப்பு காதில் கேட்டது. போன தடவையும் இதே மேடுதான், இதே இடம்தான். விலகல் கடிதம் கொடுத்து, அழுது முடித்து, இப்போதுதான் அக்கா கொஞ்சம் சாப்பிட ஆரம்பித்திருக்கிறாள். மறுபடி "வந்துடுச்சு" என்று சொல்லி, மறுநாள் "இல்லக்கா, தப்பு" என்று சொல்ல என்னால் முடியாது. உட்கார்ந்தேன். ஒரு தாளில் நான்கு சோதனைகளை எழுதினேன். அயனிகளின் எண்ணிக்கையைக் கூட்டினாலும் மேடு நிற்கிறதா? மோதலுக்கு முன்னும் பின்னும் ஆற்றல் கணக்கு சரியாக இருக்கிறதா? தொடக்கத் திசைகளை வேறு விதமாகத் தேர்ந்தால் என்ன ஆகிறது? கற்றையின் வேகத்தைக் கூட்டினால் மேடு இடம் மாறுகிறதா? வேகத்தைக் கூட்டியபோது தன் திமில் பதினான்கு டிகிரிக்கு நகர்ந்ததை அக்கா அளந்திருந்தாள். என் கணக்கிலும் அப்படி நகர்ந்தால் பேச்சுக்கே இடமில்லை.

நான்கையும் முடித்துவிட்டுச் சொல்வது என்று தீர்மானித்தேன். நல்ல தீர்மானம் என்றுதான் நினைத்தேன். இதில் என்ன தப்பு என்று இப்போதும் சில சமயம் கேட்டுக்கொள்கிறேன். பதில் தெரிந்துதான் கேட்கிறேன்.

மூன்றாம் நாள் முதல் சோதனை முடிந்தது. மேடு நின்றது. ஐந்தாம் நாள் மதியம் இரண்டாவதும் முடிந்தது. அன்று சாப்பிடும்போது அக்கா சாதாரணமாகச் சொன்னாள்:

"நாளைக்குக் குண்டனைப் பிரிக்கறோம்."

பிசைந்த சோற்றைத் தட்டிலேயே விட்டேன். "நாளைக்கா? மாசக் கடைசின்னு சொன்னாங்களே?"

"அடுத்த குரூப்போட மெஷின் சாமான் எல்லாம் சீக்கிரமே வந்துடுச்சாம். இடம் வேணுமாம். வயரிங் என்னைத் தவிர யாருக்கும் தெரியாதுன்னு என்னையே கூப்பிட்டிருக்காங்க. நீ வந்து தட்டு புடி. பிரிக்க வர்ற பட்டறைக்காரர் நட்டை எல்லாம் பாக்கெட்ல போட்டுட்டுப் போயிடுவாரு."

"ரெண்டு நாள் தள்ளிப்போட முடியாதாக்கா?"

"எதுக்கு?"

இதுதான் அந்த இடம். அவள் கேட்டாள். நான் சொல்லியிருக்கலாம்.

"எனக்கு நாளைக்கு வேலை இருக்கு" என்றேன்.

"ஆமா, பெரிய கலெக்டர் வேலை. அரை மணி நேரம் கீழ வாடி."

அம்மா என் தட்டைப் பார்த்து, "சாப்பாட்டைக் கூடச் சந்தேகப்பட ஆரம்பிச்சுட்டாளா?" என்றாள். அக்கா சிரித்தாள். பல நாள் கழித்து அன்றுதான் அவள் சிரித்தாள். அதைப் பார்த்ததும் இன்னும் பயமாகிவிட்டது. இந்தச் சிரிப்பை நாளைக்கு நானே கெடுத்துவிட்டால்?

ஆறாம் நாள் காலை பத்து மணிக்கு நிலவறைக்கு இறங்கினேன். இரண்டாம் மாடியில் மூன்றாவது சோதனை ஓடிக்கொண்டிருந்தது. நான்காவது சோதனை தன் முறைக்குக் காத்திருந்தது.

பட்டறைக்காரர் குண்டனைச் சுற்றி ஒரு நடை நடந்தார். இடுப்பில் ஸ்பேனர்கள் வரிசையாகத் தொங்கின. "என்ன மேடம், இவ்வளவு இறுக்கிப் பூட்டி வச்சிருக்கீங்க! உள்ள நகை கிகை இருக்கா?"

"ஒண்ணுமே இல்லண்ணே. காத்துகூட இல்ல" என்றாள் அக்கா. "அந்த ஒண்ணுமில்லாததுக்குத்தான் இத்தனை செலவு."

"அட, என் மண்டையிலயும் ஒண்ணுமில்லன்னு என் சம்சாரம் சொல்றா. அதுக்கு யாரும் செலவு பண்ண மாட்டேங்கறாங்க."

அக்கா சிரித்துக்கொண்டே பம்புகளை ஒவ்வொன்றாக நிறுத்தினாள். மூன்று வருடமாக அந்த அறையில் ஒரு முனகல் இருந்துகொண்டே இருந்திருக்கிறது. அது நின்றபிறகுதான் அப்படி ஒன்று இருந்ததே எனக்குத் தெரிந்தது. பிறகு பக்கவாட்டு வால்வைத் திறந்தாள். காற்று உள்ளே போகிற சத்தம் குக்கர் விசில் போல, ஆனால் கீழ் ஸ்தாயியில், நெடுநேரம் கேட்டது. அழுத்தமானியின் முள் ஏறுவதை அவள் கைகட்டிக்கொண்டு பார்த்தாள்.

மேல் மூடியைத் தூக்கினார்கள். முதலில் அயனிகளை எண்ணும் டிடெக்டர் வந்தது. பிறகு வயர்கள், ஒவ்வொன்றிலும் அவள் கையெழுத்தில் சின்னச் சின்ன எண்கள். கடைசியில், கற்றை நுழையும் ஸ்லிட். இரண்டு எஃகுத் தகடுகள், நடுவில் ஒரு கோடு அளவுக்கு இடைவெளி. பதினான்கு மாதம் அந்தக் கோட்டுக்காகத்தான். பட்டறைக்காரர் கை நீட்டினார். "இதை நான் கழட்டறேண்ணே" என்றாள்.

நான்கு திருகுகள். முதலாவதைக் கழற்றித் தட்டில் போட்டாள். டங் என்றது. இரண்டாவது. வாய் திறந்துவிட்டது எனக்கு.

"அக்கா."

"என்ன?"

மேலே இரண்டு சோதனை பாக்கி. நூற்றுக்கு எண்பது. போன தடவை நான் நூற்றுக்கு நூறு என்றுதானே ஓடிவந்தேன்?

"ஒண்ணுமில்ல. தட்டு கனக்குது."

"கீழ வச்சுக்கோயேன், யாரு வேணாம்னா." மூன்றாவது திருகு. நான்காவது. தகடுகளை எடுத்து ஒரு துணியில் சுற்றி, எதிலும் பட்டுவிடக் கூடாது என்பது போல மெதுவாகப் பெட்டிக்குள் வைத்தாள். இனி எதில் பட்டால்தான் என்ன? ஆனாலும் அப்படித்தான் வைத்தாள்.

அன்று மாலையே குண்டனின் உடலான பெரிய எஃகு அறையை வண்டியில் ஏற்றிப் பட்டறைக்குக் கொண்டுபோனார்கள். புதிய மெஷினுக்கு ஏற்றபடி அதில் துளைகள் போட வேண்டுமாம்.

ஏழாம் நாள் மூன்றாவது சோதனை முடிந்தது. ஒன்பதாம் நாள் மாலை நான்கரைக்கு நான்காவதும் முடிந்தது. வேகத்தைக் கூட்டியதும் மேடு நகர்ந்தது. பதினான்கு டிகிரிக்கு. இப்போது நூற்றுக்கு நூறு. இரண்டு வரைபடங்களை அச்செடுத்தேன்.

வகுப்புக்குப் போகாமல் வீட்டுக்குப் போனேன். அக்கா சமையலறை மேசைமேல் போர்வையை விரித்து, தொழிற்சாலையில் கொடுத்த வெள்ளைக் கோட்டுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். அம்மா இன்னும் வேலையிலிருந்து வரவில்லை.

"வகுப்பு இல்லையா?"

இரண்டு தாள்களை அந்த வெள்ளைக் கோட்டின் மேலேயே வைத்தேன். ஒன்றில் அவளுடைய கோடும் என்னுடைய புதிய கோடும். இன்னொன்றில் வேகம் கூடியபோது இரண்டும்.

இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். குனிந்து பார்த்தாள். முதலில் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு விரலால் மேட்டின் மேல் ஒரு கோடு இழுத்தாள்.

"எண்ணிக்கையில தப்பில்லையே? ரெண்டு தடவை எண்ணிடலையே?"

"இல்லக்கா. நாலு விதமா பாத்துட்டேன். பந்துன்னு நெனச்சு கணக்கு போட்டதுதான் தப்பு. நுனியில இடிபடறது எல்லாம் அதுல இல்லவே இல்ல. என் தப்பு. உன் மெஷின்ல ஒரு குறையும் இல்ல."

"அப்ப இது இருக்கு."

"இருக்குக்கா."

அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். கண் பளபளவென்று இருந்தது. வாய்க்குள் ஏதோ கணக்கு ஓடியது. "ஆனா உன்னுது என்னுதை விட உயரமா இருக்கே. கால் பங்கு அதிகமா?"

"ஏறத்தாழ."

"அப்ப என் ஸ்லிட் கொஞ்சம் அகலம். கூர்மையா வர வேண்டியதை மழுக்கிடுது. அதைப் பாதியாக் குறைச்சா எண்ணிக்கை குறையும்தான், ஆனா மூணு மாசம் இருக்கே, தாராளமா வந்துடும். நாளைக்குக் காலையில போய் முதல்ல இடது தகட்டை…"

கையை உயர்த்தி, காற்றில் ஒரு திருகைத் திருப்புவது போலத் திருப்பினாள். பாதியில் கை நின்றது.

கை அப்படியே மேசைமேல் இறங்கியது. வெள்ளைக் கோட்டின் மேல் இருந்த தாள்களை நகர்த்தினாள், மடிப்பு விழுந்திருந்த இடத்தை உள்ளங்கையால் தேய்த்தாள்.

"எப்பத்துல இருந்து தெரியும்?"

"இன்னிக்குத்தான் முழுசா…"

"முழுசா வேணாம். முதல்ல எப்பப் பாத்த?"

"ஒன்பது நாள் ஆச்சு."

அவள் விரல்விட்டு எண்ணவில்லை. எண்ண வேண்டிய அவசியம் இல்லை. "தட்டைப் புடிச்சுக்கிட்டு நின்னியே. என்னமோ சொல்ல வந்தியே. அப்ப இதுதானா?"

தலையை ஆட்டினேன்.

"ஏன்டி?"

"போன தடவை மாதிரி தப்பாயிட்டா உனக்கு…"

"தப்பா இருந்தா சிரிச்சிருப்பேன்டி. ரெண்டு பேரும் சிரிச்சிருப்போம். ரெண்டு வாரம் தள்ளிப்போட ஒரே ஒரு ஃபோன் போதும்." குரல் உயரவேயில்லை. "நூத்துக்கு நூறு கிடைச்சப்புறம் சொல்றதுக்குக் கணக்கு மெஷின் போதும். தங்கச்சி எதுக்கு?"

அதற்குப் பிறகு அவள் கோட்டுக்கு இஸ்திரி போட்டு முடித்தாள். காலரை, கைகளை, பையின் மேல்மடிப்பை. நான் அழுதேன் என்று எழுதினால் எனக்குச் சாதகமாகிவிடும் போலிருக்கிறது. அழுதேன்தான். அவள் அழவில்லை. அம்மா வந்து, "என்ன, வீடு இவ்வளவு அமைதியா இருக்கு, யாராவது ஜெயிச்சுட்டீங்களா?" என்று கேட்டாள்.

மறுநாள் பேராசிரியரிடம் போனேன். தாள்களை நெடுநேரம் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார். "எட்டு மாசம் இல்லாத குறையைத் தேட வச்சிருக்கேன் அந்தப் பொண்ணை" என்றார். அவர் நல்லவர்தான். அன்றே குழுவுக்குக் கடிதம் எழுதினார். பட்டறைக்கும் அவரே நடந்து போனார். நானும் பின்னாலேயே போனேன். எஃகு அறையில் ஏழு புதிய துளைகள் இருந்தன. பட்டறைக்காரர் எங்கள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்து, "தப்பான எடத்துல போட்டுட்டேனா சார்?" என்று பயந்துபோய்க் கேட்டார். "இல்லப்பா, சரியாத்தான் போட்டிருக்க" என்றார் பேராசிரியர்.

குழுவின் பதில் இரண்டு வாரத்தில் வந்தது. கணக்கு ஏற்கத்தக்கது. ஆனால் அளவீட்டை மெஷினின் குறை என்று ஒருமுறை ஐயப்பட்டுவிட்டதால் மீண்டும் அளந்து காட்ட வேண்டும். ஆய்வாளர் விரும்பினால் புதிதாகப் பதிவுசெய்துகொண்டு தொடங்கலாம். புதிதாக என்றால் புதிய மெஷின், இன்னொரு மூன்று வருடம், இல்லாத உதவித்தொகை. அக்கா கடிதத்தை ஒருமுறை படித்துவிட்டு அம்மாவிடம் கொடுத்தாள். அம்மாவுக்கு அதில் ஒன்றும் புரியாது. ஆனாலும் கடைசி வரிவரை படித்தாள். அந்த வாரக் கடைசியில் அக்கா வெள்ளைக் கோட்டை மடித்துப் பெட்டியில் வைத்துக்கொண்டு அந்தத் தொழிற்சாலை ஊருக்குக் கிளம்பினாள்.

என் கணக்கைக் கட்டுரையாக எழுதச் சொல்லிவிட்டார் பேராசிரியர். அதில் அக்காவின் அளவீடுகளையும் போடலாம், அவள் பெயரையும் சேர்க்கலாம் என்றார். கட்டுரை வேறு, பட்டம் வேறு. அவளிடம் கேட்பதற்கே எனக்கு மூன்று நாள் பிடித்தது. பிறகு, மூன்று நாளா என்று என்னையே திட்டிக்கொண்டு ஃபோன் செய்தேன்.

"போடு" என்றாள். "ஆனா எல்லாப் புள்ளியையும் போடணும். முதல் வருஷம் எடுத்தது, மோசமா வந்தது, எல்லாம். அழகா இருக்கறதை மட்டும் பொறுக்காத. ஒவ்வொண்ணுக்கும் எவ்வளவு தப்பு இருக்கலாம்னு நோட்டுல எழுதியிருக்கேன். அதையும் போடு."

அவளுடைய நோட்டைப் பிரித்து ஞாயிற்றுக்கிழமை பகலில் எண்களை ஒவ்வொன்றாக ஏற்றத் தொடங்கினேன். மொத்தம் முப்பத்தொன்று. ஒவ்வோர் எண்ணுக்கும் பக்கத்தில் தேதி, அழுத்தம், எத்தனை மணி நேரம் எண்ணினாள் என்ற விவரம். சில பக்கங்களின் ஓரத்தில் பென்சிலில் ஏதாவது இருந்தது. "இன்றும் வந்தது." "பம்பு மாற்றியபிறகும் வந்தது." ஒரு பக்கத்தில், எட்டு மாதத் தேடலின் நடுவில், "நானாகத்தான் பார்க்கிறேனா?" என்று மட்டும் இருந்தது. அந்தப் பக்கத்தில் அன்றைய எண் சரியாகவே இருந்தது. மேட்டின் ஓரத்தில், என் கோட்டின் மேல் அச்சாகப் படிந்தது.

சாயங்காலம் அவளே கூப்பிட்டாள்.

"வேலை எப்படி இருக்குக்கா?"

"பொட்டலத்தைத் தண்ணிக்குள்ள வச்சு மேல இருக்கற காத்தை உறிஞ்சணும். எங்க குமிழி வருதுன்னு பாக்கணும். அங்கயும் குறை தேடினேன், இங்கயும் குறைதான் தேடறேன். ஒரே வித்தியாசம், இங்க நெஜமாவே இருக்கு."

அவள் சிரித்தாள். நான் சிரிப்பதற்காகக் கொஞ்சம் இடம் விட்டாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"என்மேல கோபமாக்கா?"

அந்தப் பக்கம் ஏதோ வாகனம் போகிற சத்தம்.

"கோபம் இல்லன்னு சொல்ல மாட்டேன். இருக்குன்னு சொல்லவும் வரல. முழுசாத் தெரிஞ்சப்புறம் சொல்றேன்" என்றாள். சொன்னபிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கே உறைத்திருக்க வேண்டும். சட்டென்று குரலை மாற்றிக்கொண்டு, "சரி, எத்தனை புள்ளி போட்டிருக்க?" என்று கேட்டாள்.

"இருபத்து மூணு."

"இன்னும் எட்டு இருக்கு. போய்ப் போடு" என்று ஃபோனை வைத்தாள்.